செத்தவன் சூப் குடித்த படம்

சனி, 8 ஜூலை 1972

புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. அரிசியில் வண்டு, முறத்தில் பரப்பியாயிற்று.

மகள் ரெஜினா மறுபடியும் பிலிம் சொசைட்டிக்கு. மாதம் ஒரு படம் என்று சொல்லித்தான் சேர்ந்தாள். இப்போது வாராவாரம் ‘கமிட்டி’. கேட்டால், “போலந்துப் படம், மம்மி. உங்களுக்குப் பிடிக்காது.” எனக்கு எது பிடிக்காது என்று தீர்மானிக்க இவள் யார்? இருட்டில் உட்கார நல்ல மெல்லிய ‘வாயில்’ புடவை எதற்கு? முப்பத்தாறு வயது, பள்ளிக்கூட டீச்சர். சிறு பெண் அல்ல. அதுதான் பயம்.

நானும் வருகிறேன் என்றேன். முகம் மாறியது. கவனித்துக்கொண்டேன்.

ஞாயிறு, 9

சர்ச்சில் பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். நேற்று: தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து வாசகசாலை ஹால். மடக்கு நாற்காலி, ஜன்னலில் கறுப்புத் துணி. உறுப்பினருக்கு மட்டும் என்பதால் சென்சார் கிடையாதாம். பாதிப் பேர் அதற்காகவே. என் பின்னால் ஒருவன்: “இன்னாபா, அப்போலேர்ந்து கிழவன் ரொட்டி வெட்டிகினு கீறான். எப்போ வரும்?”

“கம்முனு இரு மச்சான். வெளிநாட்டுக்காரன் மெதுவாத்தான் காட்டுவான்.”

கான்வென்ட்டில் படம் போடும்போது மதர், முத்தம் வந்தால் லென்ஸ் முன் அட்டை பிடிப்பார். இங்கே அட்டைக்கு வேலையே வரவில்லை.

புரொஜெக்டர் ஓட்டுபவர் சுந்தரேசன். பாங்க் கிளார்க். நாற்பது இருக்கும். சலவைச் சட்டை. அவர் பக்கத்தில் ரெ., டார்ச்சும் கையுமாக. ரீல் மாற்ற உதவியாம்.

இரண்டாம் ரீலில் கிழவனைப் புதைத்தார்கள். அடுத்ததில் அவன் சூப் குடித்தான். ரீல் மாறிவிட்டது, அவ்வளவுதான். வெளியே ஒரு லெக்சரர்: “காலத்தையே கலைச்சுப் போட்டிருக்கான் சார்! சாவு முடிவில்லேங்கறான்!” சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

ரீல் டப்பாக்களில் எண் பெரிதாக இருந்தது. டார்ச் இருந்தது. ஆள் இரண்டு பேர். அப்படியும் மாறியது என்றால், இருவரும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

திங்கள், 10

தூக்கமில்லை. இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் யாருடன் சண்டை போடுவேன்?

சாப்பாட்டில் கேட்டேன். “அந்த ரீலைத் தப்பா எடுத்துக் குடுத்தது யாரு?”

“நான்தான்.”

“அவர் எங்கே பார்த்துக்கிட்டிருந்தார்?”

சோற்றைப் பிசைந்தபடி, “என்னைத்தான், மம்மி.”

இவ்வளவு நேராகச் சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை.

“இந்துவாச்சே.”

“தெரியும்.”

“அப்போ நான்?”

“நீங்களும் எங்களோடதான். பொங்கல்லேர்ந்தே சொல்றார்.”

பொங்கலிலிருந்தா! என்னைக் கேட்காமலே எனக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தட்டைக் கழுவாமல் எழுந்து போய்விட்டேன்.

வியாழன், 13

மழை. கொடியில் துணி நனைந்தது.

அவரைச் சனி மதியம் சாப்பிட வரச்சொல்லியிருக்கிறேன். ஆளைப் பார்க்க மட்டும். சம்மதம் என்று யாரும் எண்ண வேண்டாம். நடுத்துண்டு வஞ்சிரம்தான் வேண்டும் என்று மீன்காரியிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிய பிறகு ரெ. மெதுவாக வந்து நிற்கிறாள்: “அவர் சைவம், மம்மி.”

இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறாளோ.

வாழைக்காய் வாங்க வேண்டும்.