மேல்படிக்குக் கூப்பிட்டவன்

தண்டர் பே,
மார்ச் மாதம்.

அன்பு மகன் ஈரோவுக்கு, உன் அப்பா போனபின் உன்னை வளர்த்து ஆளாக்கியவனும் சுப்பீரியர் ஏரியின் இக்கரைக்குத் தனிப்பெரும் சக்கரவர்த்தியுமான சித்தப்பா வெய்க்கோ எழுதுவது. இங்கே நானும் நாயும் உறைந்த ஏரியும் சுகம். கால்கரியில் நீயும் மருமகள் மரிஸாவும் உடம்பளவிலாவது சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், மனசைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. பனி எவ்வளவு என்றால் அடுத்த வீட்டு கார்லோ புகைபோக்கி வழியாகத்தான் வேலைக்குப் போய்வருகிறான். அவன் பெண்டாட்டி ஏலக்காய் ரொட்டி சுட்டு அனுப்பினாள், நாய்தான் தின்றது.

சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்காக மரிஸாவிடமிருந்து எடுத்த கருமுட்டைகளில் ஒன்றுகூடக் கருவாகவில்லை என்று நீ போனில் சொன்ன நாளிலிருந்து நீராவியில் குளிக்கும் நம் சவுனா அறையின் அடுப்பை நான் மூட்டவில்லை. சூடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார், அதுதான் என்று அடித்துச் சொல்லவில்லை என்கிறாய், என்னைத் தேற்றுகிறாய் என்பது தெரியாதா. விந்தணுவுக்குச் சூடு ஆகாது, வெந்நீர்த் தொட்டிகூட வேண்டாம் என்று அவர் எச்சரித்ததை கிறிஸ்துமஸுக்கு வந்தபோதே சொன்னாய். நான் கேட்டேனா? சவுனாவிலேயே பிறந்தவன் நான், நம் வம்சமே ஆவியில் வெந்து வந்தது என்று பிரசங்கம் செய்தேன். சூடு அதிகமான மேல்படியில் உட்கார்ந்து கொதிக்கும் கல்லில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "கீழ்ப்படி கொழந்தைங்களுக்குடா, ஆம்பளையா இருந்தா மேல வா" என்றேன். இங்கிருந்த அத்தனை நாளும் ஏறினாய். துண்டைக் கொடுக்கும்போது மரிஸா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள், "நீங்க கூப்பிட்டா அவருக்கு மாட்டேன்னு சொல்ல வராது மாமா, அதான் எனக்குப் பயம்." அதற்கும் சிரித்தேன்.

இந்த முறை ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவை ஊசியால் வைக்கப் போகிறார்களாம், அதற்குமுன் மூன்று மாதம் உனக்குச் சூடே படக்கூடாதாம், மரிஸா சொன்னாள். காரில் சூடேறும் இருக்கையை அணைத்துவிடு, மடியில் வைக்கும் கம்ப்யூட்டரை மேஜையில் வை. அவள் வயிற்றில் மறுபடி அத்தனை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், வீட்டுப் பாத்திரமெல்லாம் நீ கழுவு.

உங்கள் இருவர் கையும் நிறையட்டும், ஏரிக்கரையின் சக்கரவர்த்திக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்று மட்டும் மறக்காதே. சனிக்கிழமைதோறும் போன் செய்து சவுனாவுக்கு வாடா என்று கூப்பிடுவேன், கெஞ்சுவேன், கோழை என்று ஏசுவேன். ஒவ்வொரு தடவையும் மாட்டேன் சித்தப்பா என்று நீ சொல்ல வேண்டும், மரிஸா காதில் விழும்படி.

குளிர்ந்த அடுப்புக்குக் காவலிருக்கும்,
வெய்க்கோ சித்தப்பா