ஒப்புதலுக்குக் காத்திருப்பவை

மார்ச் 4, செவ்வாய்

இன்று எங்கள் ஊர் இணையதளத்துக்கு வரவு: பழைய பள்ளிக்கூடப் படம் ஒன்று. செலவு: என் மதியத் தூக்கம்.

படத்தில் ஓரமாக முறைத்துக்கொண்டு நிற்பவர் தன் தாத்தா என்கிறார் தச்சர். இல்லை, தன் தாத்தாதான் என்று பேருந்து ஓட்டுநர் போனிலேயே சண்டைக்கு வந்துவிட்டார். "அந்த மீசையப் பாருங்கக்கா, அது எங்க வீட்டு மீசை!" படத்தில் இருக்கும் எல்லார் மீசையும் அப்படித்தான் இருக்கிறது. என் சட்டம் ஒன்றே ஒன்று. இரண்டு பேர் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் தளத்தில் ஏறும். பெயர் போடாமலே ஏற்றினேன். இனி இருவருக்கும் நான் ஆகாதவள்.

மாமா கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "இன்னைக்கு எத்தனை பேரும்மா பாத்தாங்க?" ஊர்ச்சங்கத் தலைவர் என் மாமனார்தான். போகிற இடமெல்லாம், "எங்க மருமக வீட்ட விட்டு வெளிய போகாமலே இவ்வளவும் பண்றா" என்பார். வெளியே போகாமலே — அதுதான் அவருக்குப் பெருமை. கணினி இருப்பது சாமான் அறையில். ஜன்னல் கிடையாது. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துதான் இந்த ஊரின் சரித்திரத்தை எழுதுகிறேன்.

மார்ச் 6

மறைந்தோர் பக்கத்தில் அண்ணியை ஏற்றினேன். என் வீட்டுக்காரருடைய அக்கா. நான் வாழ வருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். கூடத்துச் சுவரில் படமாகத்தான் எனக்குப் பழக்கம். பிறந்த தேதி, இறந்த தேதி இரண்டையும் மாமா சொன்னார். இவரும் ஆமாம் என்றார். இரண்டு சாட்சி, சரி.

ஒவ்வொரு ஏப்ரல் பதினொன்றும் அண்ணியின் ஆத்மா சாந்திக்காக வீட்டில் பிரார்த்தனை. நடத்துவது நான்தான். அத்தை மட்டும் அன்று கட்டிலை விட்டு எழுந்து வரமாட்டார். முழங்கால் வலி என்பார். பெற்ற வயிறு, நான் எதுவும் கேட்பதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஒப்புதலுக்குக் காத்திருப்பவை: 1. வந்த கருத்தை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"பிறந்த தேதி தவறு. ஜூன் 14 அல்ல, 16. இறந்த தேதியைப் பற்றி எனக்குத் தெரியாது. அன்று நான் தையல் வகுப்பில் இருந்தேன்."

கீழே அண்ணியின் பெயர்.

யாரோ விளையாடுகிறார்கள். விளையாட்டாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 10

பாலைப் பொங்கவிட்டேன். இவரிடம் கேட்டேன். "யாருடி அது?" என்று கேட்கவில்லை. "பைத்தியமா?" என்று கேட்கவில்லை. "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றுதான் கேட்டார்.

அப்போதே தெரிந்துவிட்டது.

மார்ச் 11

இவர் கடைசியில் சொன்னார்: "அக்கா பிடிச்சவனோட போயிட்டா. அந்த வாரமே மக காய்ச்சல்ல போயிட்டான்னு அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டார். நான் காலேஜ்ல கூட சேரல அப்போ. என்ன பண்ணியிருக்கணுங்கற?"

பாத்திரத்தை எடுத்துக் கழுவப் போனேன்.

"அந்த கமெண்ட அழிச்சிடு. ஒரு பட்டன்தானே?"

ஒரு பட்டன்தான். அனுமதிக்கவும் ஒரு பட்டன்தான். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எதை அழுத்தினாலும் நான் இந்த வீட்டில்தான் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

ஆண்டவனே, உயிரோடு இருக்கிறவங்க ஆத்மா சாந்தியடையணும்னு இத்தனை வருஷம் உன்கிட்ட அழுதிருக்கேனே. சிரிச்சியா நீ? என்னை எதுக்கு இதுல இழுத்து விட்ட?

இரண்டு சாட்சியாம். ஒரே வாயிலிருந்து வந்த இரண்டு சாட்சி. தச்சரிடம் மட்டும் சட்டம் பேசத் தெரிந்தது எனக்கு.

மார்ச் 15

கமெண்ட்டோடு வந்த மின்னஞ்சலுக்கு அண்ணிக்குத் தனியாக எழுதியிருந்தேன். பதில் வந்தது.

"நீதான் என் தம்பி பொண்டாட்டியா? தெனமும் ஒரு தடவை உன் தளத்துக்கு வந்து குளத்தையும் பள்ளிக்கூடத்தையும் பாத்துட்டுத்தான் கடை திறப்பேன். போன வாரம் வந்தா நானே செத்துக் கிடக்கேன்! என் நம்பர் கீழ போட்டிருக்கேன். உனக்குத் தொல்லைன்னா நான் எழுதினதை அழிச்சிடு. செத்தது பழகிடுச்சு. பொறந்த தேதிய மட்டும் மாத்திடு. பொறந்ததாவது சரியா இருக்கட்டும்."

மாமா தினமும் கேட்கிற அந்த எண்ணிக்கையில் ஒருத்தி அவருடைய மகள்.

மார்ச் 17

இவர் மாமாவிடம் சொல்லிவிட்டார். மாமா கோபப்படவே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "நீயும் எவ்வளவுதான் சிரமப்படுவம்மா. தளத்தைச் சங்கச் செயலாளர் பாத்துக்கட்டும். ஞாயித்துக்கிழமை வருவார், பாஸ்வேர்ட குடுத்துடு" என்றார். ஈரத்துண்டை என் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த வேலையும் இல்லை. சாமான் அறை வெறும் சாமான் அறை.

மார்ச் 18

ஒன்றும் செய்யவில்லை. பிரார்த்தனையும் ஓடவில்லை.

மார்ச் 20, வியாழன்

பிறந்த தேதியை மாற்றவும் இரண்டு சாட்சி வேண்டுமே என்று பார்த்தேன். ஒன்று அண்ணி. இன்னொன்று யார்?

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். மாமா வெளியே போயிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு துண்டை எடுத்தேன்.

"அத்தை, அண்ணி பொறந்தது ஜூன் பதினாலா, பதினாறா?"

நிமிரவில்லை. "பதினாறு. பதினாலாம் தேதியே வலி எடுத்துடுச்சு. ரெண்டு நாள் என்னைப் படுத்தி எடுத்துட்டா. ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும், நான் ஆஸ்பத்திரிக்குப் போன தேதிய வெச்சுக்கிட்டுச் சொல்றாங்க."

இரண்டு சட்டை மடித்தார்.

"அவதான் சொன்னாளா?"

தலையை ஆட்டினேன்.

"குரல் எப்படி இருக்கு?"

"எழுத்துதான் அத்தை வந்துச்சு."

"ம்." மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். "நான் சொன்னேன்னு போட்டுக்க."

மார்ச் 22, சனி

ஜூன் 16. இரண்டு சாட்சி, தனித்தனியாக. ஒப்புதல் கொடுத்தேன். அண்ணியை மறைந்தோர் பக்கத்திலிருந்து எடுத்து, வெளியூரில் வாழ்வோர் பக்கத்தில் வைத்தேன். பிறகு உலை வைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

செயலாளர் வந்தார், பாஸ்வேர்டை எழுதி வாங்கிக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. தச்சர் போன் செய்தார். "ஏங்க்கா, செத்தவங்களே வந்து சொன்னாத்தான் ஏத்துவீங்கன்னா, எங்க தாத்தாவையும் வரச் சொல்லவா?" எத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தேன்! உடனே வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 25

மாமா அண்ணியின் பதிவை அழிக்கச் சொல்லியிருக்கிறார். செயலாளருக்கு எப்படி என்று தெரியவில்லை. "மருமககிட்டயே கேக்கலாமா?" என்றாராம். இவர் வந்து கேட்டார்.

"நான்தான் இப்ப பொறுப்புல இல்லையே" என்றேன். பொய் இல்லை.

சாமான் அறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. அரிசி எடுக்க வேண்டுமென்றால் மாமாவிடம் சாவி கேட்க வேண்டும். யாரும் என்னிடம் பேசுவதில்லை. அத்தைகூட.

ஏப்ரல் 11, வெள்ளி

பிரார்த்தனை நடத்து என்று இந்த வருடம் யாரும் சொல்லவில்லை. மாமா விடிந்ததும் வெளியே கிளம்பிவிட்டார்.

அத்தைக்கு இன்று முழங்கால் வலி இல்லை. குளித்து, நல்ல புடவை கட்டி, கூடத்துச் சுவரில் இருந்த படத்தைத் தானே நாற்காலி போட்டு இறக்கினார். அப்புறம் அதே நாற்காலியில் உட்கார்ந்து என் போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுல சார்ஜ் இருக்கா பாரு" என்றார்.