ஹாலில் கிடந்த மெத்தை

மிஷெல்,

வகுப்புக்குப் போகிறேன். சோறும் மீன் குழம்பும் மேசையில் மூடி வைத்திருக்கிறேன். குளிக்கும்போது என் வாசனைச் சோப்பைத் தொடாதே, அது அரிப்பைக் கிளப்புமாம்.

உன் முழங்கை மடிப்பு சிவந்து வெடித்ததைப் பார்த்து, "எனக்கு ஒட்டிக்கும்லா, ஹால்ல படு" என்று உன் மெத்தையை இழுத்துப் போட்டேனே, அந்த எக்ஸிமா, அதான் உன் தோல் அரிப்பு, ஒட்டாதாம். நேற்று முதலுதவி வகுப்பில் டீச்சரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். வறண்ட தோல், குடும்ப வழியாக வருவது. அப்பாவின் ஆஸ்துமா இழுப்பும் இதற்குச் சொந்தம்தானாம்.

நீ தலையணையை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தது கண்ணிலேயே நிற்கிறது. காலையில் நேரில் மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது, அதான் எழுதுகிறேன்.

குளித்த ஈரத்தோடு களிம்பு பூசு. நாளை பாக்கார் ஆராங் கிளினிக்குக்கு நானும் வருகிறேன்.

பிரிஜெட் அக்கா

பி.கு.: மெத்தையை அறையில் போட்டுவிட்டேன். நீ மறுபடி ஹாலில் படுத்தால் என் மெத்தையும் அங்கே வரும்.