யானை எந்தப் பக்கம் பார்க்கிறது

திருத்தணி,
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்.

அன்புள்ள பாவாவுக்கு,

ரஞ்சிதம் எழுதிக்கொள்வது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் சேதி. உங்கள் படங்கள் பதினொன்றும் விற்றுவிட்டன! ஒன்றுகூட மிச்சமில்லை.

ஜெயிலில் இருப்பவர்கள் வரைந்த படங்களுக்குச் சரவணப் பொய்கைப் பக்கம் கடை போடுகிறோம், வீட்டு ஆட்களும் வந்து நில்லுங்கள் என்று தொண்டு நிறுவனத்துத் தேவயானி மேடம் கூப்பிட்டிருந்தார்கள் அல்லவா? நான் உடனே சரி என்றேன். நம் பெண் மோனிஷாதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் நீங்கள் துபாயில் இருப்பதாகத்தானே இரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறோம். உங்கள் பேரை எடுக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வந்தாள். மனு போட்டு ஜெயிலில் உங்களைப் பார்க்க ஒரு தடவைகூட வராத பெண், கடைக்கு வந்ததே பெரிசு. அதனால் உங்கள் படங்களின் அட்டையில் ‘சிறைவாசி ஒருவர்’ என்று மட்டும் போட்டிருந்தது.

நேற்றுக் காலையிலிருந்து காவடிக் கூட்டம், கால் வைக்க இடமில்லை. மயில் படங்கள்தான் முதலில் விலைபோக ஆரம்பித்தன. பள்ளிப்பட்டிலிருந்து வந்த அம்மா ஒருத்தி, செவப்போட பச்சையை எப்படிச் சேத்திருக்காங்க பாரேன் என்று வியந்தாள். தறியில் உட்கார்ந்து சேலை நெய்த கை அது என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

மதியம் சென்னைக்காரர் ஒருவர் மலைக்கோயில் படத்தைக் கையில் எடுத்துச் சிரித்தார். யானை சாமிக்கு முதுகைக் காட்டிக்கினு நிக்குதே, வாகனம்னா சாமியத்தானே பாக்கணும், ஜெயில்ல இருக்கறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! “என் வீட்டுக்காரருதாங்க வரைஞ்சாரு. இந்த ஊர்ல பொறந்து வருஷா வருஷம் காவடி எடுத்தவரு. எங்க யானை வெளியத்தான் பாத்துக்கினு நிக்கும். மேல போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க” என்று கத்திவிட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தால் கை நீளும், எனக்கு வாய். கைக்கு ஐந்து வருஷம் கொடுத்தார்கள், வாய்க்கு என்ன கிடைக்குமோ என்று திரும்பினால், பின்னாலேயே அடுத்த வீட்டுச் சந்திரா நிற்கிறாள்!

மோனிஷா விருட்டென்று எழுந்து போய்விட்டாள். சந்திரா என்னை மேலும் கீழும் பார்த்தாள். துபாய்லர்ந்து ஒரு சென்ட் பாட்டில்கூட வரலியேன்னு எனக்கு அப்பவே சந்தேகம்டி என்றாள். அவ்வளவுதான். மிச்சமிருந்த ஒரே மயிலை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து அந்தச் சென்னைக்காரர் வேர்த்து விறுவிறுத்துப் படியிறங்கி வந்தார். நீங்க சொன்னதுதாம்மா சரி, யானை வெளியதான் பாக்குது, அந்தப் படத்தைக் குடுங்க, வரைஞ்சவர் பேரையும் எழுதிக் குடுங்க என்றார். செய்து கொடுத்த சத்தியம் நினைவுக்கு வந்து நான் முழித்தேன். அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அட்டையை இழுத்தது. மோனிஷா! குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதிருப்பாள் போல, கண் சிவந்திருந்தது. ‘சிறைவாசி ஒருவர்’ என்பதை அடித்துவிட்டு, இனிஷியலோடு எழுதினாள்: மு. தேசப்பன், திருத்தணி. நான் ஆள் நிற்கிறாரே என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன் பாவா.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் ஜெயில் ஐயாவுக்கும் என் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு நல்ல பிரஷ்ஷாக இரண்டு கொடுக்கச் சொல்லுங்கள் ஐயா. பழசிலிருந்து முடி உதிர்ந்து படத்தில் வானமெல்லாம் ஒட்டியிருக்கிறது.

உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுங்கள். யாரோடும் வம்பு வேண்டாம். வருகிற வாரம் மனு போட்டுப் பார்க்க வருகிறேன். பஸ்ஸில் இரண்டு டிக்கெட்டாக எடு என்கிறாள் உங்கள் பெண். நான் ஏன் என்று கேட்கவில்லை, கேட்டால் மாறிவிடுவாளோ என்று பயம்.

தணிகை முருகன் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள்
ரஞ்சிதம்

கீழே இரண்டு வரிக்கு இடம் விடச் சொன்னாள், விட்டிருக்கிறேன்.

நைனா, அடுத்த படத்துல உன் பேரை நீயே எழுது. என் எழுத்து கோணலா இருக்கு.
மோனிஷா