எந்தக் கண் என்று கேளுங்கள்

சனி, மார்ச் 7

போதும். இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. இந்தக் கொப்பியிலாவது இனி எழுதுவேன்.

மழை. ஹரோவிலிருந்து கிளப்புக்கு இருபது நிமிடம். காரில் பக்கத்தில் என் மனைவி பவானி. இலக்குச் சுடும் கிளப்பில் அவளுடைய பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது. சொந்த ரைபிளுக்குப் பொலிஸ் அனுமதிப் படிவம் நிரப்ப வேண்டும். எந்த ரைபிள், எந்த அளவுத் தோட்டா என்று எழுத வேண்டும். வீட்டில் பத்து வருடமாகச் சுடுகிற கணவன் இருக்கிறான். அவள் கேட்டது குணத்திடம். பயிற்சியாளர் அவர்தானே. இரண்டு வருடத்துக்கு முதல் அந்த இடத்துக்கு நானும் நின்றேன். தேர்தலுக்கு முதல்நாள் என் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டுவிட்டு, அடுத்தநாள் தனக்கே கை தூக்கினார்.

சுவிசில் இருபது வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். எல்லாவற்றுக்கும் சுவிஸ்தான்.

"அக்கா, சுவிசிலை நாங்கள் முந்நூறு மீற்றரிலை சுடுறனாங்கள். .22 எண்டா சின்னப்பிள்ளையளின்ரை சாமான். ஒருக்கா வாங்கினா பெரிசா வாங்கவேணும். என்ரை பழைய .308 இருக்கு, எடுங்கோ."

அந்த .308-ஆல் போன மாதம் வெளி மைதானத்தில் மூன்று வேட்டுச் சுட வைத்தார். தோள் நீலம் பாரித்தது. அன்றிலிருந்து கிளப்பின் சின்ன .22-ஐ எடுத்தாலும் விசையை இழுக்க முதலே கண்ணை மூடுகிறாள். இன்று பத்து வேட்டு. தாளில் பட்டது ஆறு.

"எனக்கு இது ஏலாது. படிவத்தைக் கிழிச்சுப் போடுங்கோ."

பிள்ளைகள் வேறு ஊர்களில். கிழமையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போகிற ஒரே இடம் இது. அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிறு, மார்ச் 8

தூறல். பவானி கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். இடக்கையால்.

"எத்தினை வருசமா இடக்கையாலை வெட்டுறீர்?"

"பிறந்ததிலை இருந்து. இண்டைக்குத்தான் கண்டனீங்களோ?"

"அப்ப கிளப்பிலை ஏன் வலக்கை எண்டு சொன்னனீர்?"

"எழுதுறது வலக்கையாலைதானே. இடக்கையிலை பென்சிலை எடுத்தா அப்பா அடிமட்டத்தாலை போடுவார். ஆர் கேட்டாலும் வலக்கை எண்டுதான் வாயிலை வரும்."

கத்தியைக் கீழே வைக்கச் சொன்னேன். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவில் முக்கோணமாக ஒரு சின்ன இடைவெளி. அதற்குள்ளால் சுவர் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். வலக்கண்ணை மூடினாள். மணிக்கூடு அப்படியே இருக்கிறதாம். இடக்கண்ணை மூடினாள். "காணேல்லை." பலமான கண் இடது. இவ்வளவு மாதமும் பலவீனமான கண்ணால், பழக்கிய கையால் சுட்டிருக்கிறாள்.

இருபத்தாறு வருடம் அவள் சமைத்ததைச் சாப்பிட்டவன், வெட்டுகிற கையைப் பார்க்கவில்லை. இதற்குக் குணத்தைக் குற்றம் சொல்ல முடியாதது எரிச்சல்.

அடுப்பில் போட்டிருந்த லீக்ஸ் கருகிவிட்டது. சாப்பாடு பாணும் சம்பலும்.

செவ்வாய், மார்ச் 10

வெயில், ஆனால் குளிர். பால். முட்டை. போயிலர் திருத்துகிறவர் இன்றும் வரவில்லை. ஜோனுக்கு போன்.

ஜோன் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, கிளப்பில் ஒரே இடக்கைக்காரி. இடக்கை .22 வைத்திருக்கிறார். சனிக்கிழமை கொண்டுவருகிறாராம். ஒரு நிபந்தனை: அவருடைய ரைபிளைப் பிடித்துக்கொண்டு யாரும் அழக் கூடாது.

பின்னேரம் ஹோலில் பவானி குடையை இடது தோளில் வைத்து, கதவுப்பிடியைக் குறிபார்த்துக்கொண்டு நின்றாள். நான் காணவில்லை என்று நினைப்பு. படிவம் இன்னும் கிழிபடவில்லை.

சனி, மார்ச் 14

நல்ல வெயில். கோட் தேவையில்லை.

ஜோனின் ரைபிள். பவானி விரிப்பில் படுத்தாள். இடது தோள், இடக்கண். முதல் வேட்டு. கண் மூடவில்லை. நான் அவளுடைய இமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இலக்கை அல்ல. ஐந்தும் முடிய, தாள் வந்தது. ஜோன் டின்னிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துத் துளைகளின் மேல் வைத்தார். ஐந்தும் மறைந்தன. பிறகு அதைச் சாப்பிட்டுவிட்டார்.

பவானி சிரித்தாள். படுத்தபடியே, தோள் குலுங்க. எப்போது கடைசியாக அப்படிச் சிரித்தாள்?

குணம் வந்து தாளைப் பார்த்தார்.

"அக்கா, போன கிழமை சுட்ட ஆள்தானோ இது?"

"அதே ஆள்தான், தம்பி. விரலாலை முக்கோணம் பிடிச்சுக் கண்ணைப் பாத்து, துவக்கை மற்றப் பக்கம் மாத்தினது, அவ்வளவுதான்."

இரண்டு வருடமாக அவருக்கென்று ஒரு வசனம் வைத்திருந்தேன். பவானி சிரித்துக்கொண்டிருந்தபடியால் வெளியே வரவில்லை. அவரோ என்னைப் பார்க்காமல், அவளிடம் மெல்லக் கேட்டார்.

"அந்த முக்கோணம் எப்பிடிப் பிடிக்கிறது? நானும் சின்னனிலை இடக்கைதான்."

"அம்மா அடிச்சவவோ?"

"வாத்தியார்."

காருக்குப் போக வெளிக்கிட்டால், கார்த்தரிப்பிடத்தின் மூலையில் குணம். கையை நீட்டி, முக்கோணம் பிடித்து, விளக்குக் கம்பத்தை ஒரு கண்ணால், பிறகு மற்றக் கண்ணால். திரும்பவும் முதல் கண். பவானியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் முடித்துப் போகும் மட்டும் கிளப் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

படிவம் காரிலேயே நிரப்பியாயிற்று. .22. இடக்கை ரைபிள் தேட வேண்டும். தபாலில் போட்டாயிற்று.

ஞாயிறு, மார்ச் 15

காற்று. வேலி ஆடுகிறது. கிளப் அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு தாள் எழுதினேன், புதிதாகச் சேருகிற தமிழர்களுக்கும் அவர்களைப் பழக்குகிறவர்களுக்கும். பவானி வாசித்தாள்.

"இதிலை குணத்தின்ரை பேர் ஆறு தரம் கிடக்கு. ரைபிள் நாலு தரம்."

வெட்டினேன். மிச்சம்:

முதல் ரைபிள் .22. உதைப்பு இல்லை, சத்தம் குறைவு. பயம் பழகினால் எடுப்பது கஷ்டம்.

தோளுக்கும் கைநீளத்துக்கும் பொருந்துகிறதா என்று பார். பெயரைப் பார்த்து வாங்காதே.

நாலு வகைத் தோட்டாவில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிச் சுட்டுப் பார். ஒரே ரைபிளில் ஒன்று கூட்டமாக விழும், மற்றது சிதறும்.

எங்கள் ஆட்களிடம் எந்தக் கை என்று கேட்காதே, அடிவாங்கிய கையைத்தான் மறைப்பார்கள். எந்தக் கண் என்று கேள்.

"நல்லாயிருக்கு," என்றாள். "கீழை பேரைப் போடுங்கோவன். உங்கடை யோசினைதானே."

பேனையை எடுத்தேன். இரண்டு வருடம் இதற்காகத்தானே. ஆனால் என் பெயர் இருந்தால் குணம் முதல் வரியோடு விட்டுவிடுவார். கடைசி வரியை வாசிக்க வேண்டியவர் அவர்தான்.

பெயர் போடவில்லை. நாளைக்கு அப்படியே ஒட்டுகிறேன்.