வலப்பக்க ஜன்னல்

வியாழன், இரவு

காட்மாண்டு போகும் விமானத்தில் வலப்பக்கம் உட்கார்ந்தால் இமயமலை தெரியுமாம். சாப்பிட்டதும் லேப்டாப்பைத் திறந்து, இறக்கை மறைக்காத இருக்கை வரிசையைத் தேடினேன். என் கணவர் சேகருக்கு இடது கண் போய் இரண்டு வருடமாகிறது. வலது கண்ணும் போவதற்குள் பனிமலையைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்தப் பயணமே.

"ஜன்னலோரம் உங்களுக்கு, நடுவுல நான்," என்றேன்.

"நீயே உட்காரு லா. பார்த்து எனக்குச் சொல்லு."

"விளையாடாதீங்க."

"விளையாடல. திங்கட்கிழமையிலேருந்து ஒரே புகைமூட்டமா இருக்கு. உன் முகமே சரியாத் தெரியல."

நான்கு நாளாக மறைத்திருக்கிறார். நேற்று தெம்பனிஸ் ரயில் ஸ்டேஷன் படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஆசையில் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொன்னா டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுவே."

நாளைக் காலை முதல் வேலையாக டாக்டரிடம் போகிறோம். ஆனாலும் ஜன்னலோர இருக்கையை என் பெயரில் எடுத்துவிட்டேன். எனக்கு எதையும் வர்ணித்துப் பேச வராது. மலை வெள்ளையாக இருக்கிறது என்பதற்கு மேல் அவருக்கு என்ன சொல்வேன்?

பக்கத்தில் கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிறார். இந்த விளக்கு எரிவதாவது தெரிகிறதா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.