பெட்டியிடம் கடலைக் கேட்டோம்

மச்சான்,

இன்று அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவாக்கும்போது ஒரு பழைய கம்பியூட்டர் பிளொப்பி கிடைத்தது. மேலே ஒட்டிய தாளில் உன் கோணல் கையெழுத்தில் "கடல்" என்று ஒரே சொல். மனிசி "இதை எறியட்டோ?" என்று கேட்டாள். "தொட்டுப் பாரும் பாப்பம்!" என்று சத்தம் போட்டுவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும். இதை வாசிக்க இப்போது என்னிடம் கருவி ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் உன் புரோகிராமின் கொஞ்ச வரிகளும் எனக்கு இன்னும் பாடம்.

சண்டை மறுபடி தொடங்கி யாழ்ப்பாணப் பாதையை மூடியிருந்தார்கள். எங்கள் துறைமுகத்திலிருந்து அங்கே போகும் கப்பல்தான் ஒரே வழி. கொழும்பில் கம்பியூட்டர் வேலை செய்த நீ, ஒரு பையோடு சீனன்குடாவில் எங்கள் வீட்டில் வந்து இறங்கினாய். யாழ்ப்பாணத்தில் உன் மனிசிக்கு மாதம் நெருங்கியிருந்தது. "முதல் பிள்ளை மச்சான். பிறக்கேக்க நான் பக்கத்தில நிப்பன் எண்டு வாக்குக் குடுத்திட்டு வந்தனான்" என்றாய். கடல் அடங்கினால்தான் கப்பல் வெளிக்கிடும். ரவுணில், கப்பலுக்குப் பதிந்தவர்களின் பேரைக் காலையில் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால், அந்த இடம் அடுத்தவனுக்கு.

எங்கள் துறைமுகம்தான் உனக்குத் தெரியுமே. வெளியே என்ன கூத்தாடினாலும் உள்ளே கோப்பைத் தண்ணீராகக் கிடக்கும். நான் நடத்திய தொலைபேசிக் கடையின் வாசலில் நின்று வெளிக்கடலைப் பார்க்க ஏலாது. வெளிநாட்டு வானிலைப் பக்கம் ஒன்றில் எங்கள் கரைக்கு அப்பால் உள்ள அலை உயரத்தைப் போடுவார்கள். ஆனால் இன்ரநெற்றுக்கும் கடையில் அதே ஒரு தொலைபேசி லைன்தான்; அது படங்களோடு திறந்து முடிவதற்குள், லண்டனுக்குக் கதைக்க வந்த சனம் என்னைத் திட்டித் தீர்த்துவிடும்.

நீதான் வழி சொன்னாய். "படம் எங்களுக்கு என்னத்துக்கு? சேர்வரிட்டப் போய் அந்தப் பக்கத்தின்ர எழுத்தை மட்டும் கேப்பம். அலைக்குப் பக்கத்தில இருக்கிற இலக்கத்தைப் பிடுங்குவம். லைனை வெட்டுவம். செக்பொயின்றில கதைக்கிற மாதிரித்தான், கேட்டதைச் சொல்லிப்போட்டு நடையைக் கட்டிற வேலை." ஒரே பின்னேரத்தில் எழுதி முடித்தாய். திரையில் "3" என்ற இலக்கம் தனியே வந்து நின்றபோது என்னைக் கட்டிப் பிடித்துக் கதிரையோடு சுற்றினாய். தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா வாசலில் நின்று பார்த்தா. "கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்து பெட்டியிட்டக் கடலைக் கேக்கிறாங்கள், விசரன்கள்" என்றா.

மூன்று மீற்றர் அலைக்குக் கப்பல் வராது. அடுத்த நாளும் மூன்று. அதற்கடுத்த நாளும் மூன்று. சும்மா இருந்து உன் மனம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், நிலாவெளியில் இருந்த உன் மாமா வீட்டுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பஸ்ஸால் இறங்கிக் கரைக்கு நடந்தோம். திறந்த கடல் ஒரு சுருக்கமும் இல்லாமல் விரித்துக் கிடந்தது. கரைவலை இழுக்கிறவர்கள் பகிடி விட்டபடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். "டேய், எங்கயடா உன்ர மூண்டு மீற்றர்?" என்று சிரித்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினோம். செக்பொயின்றில் எல்லாரையும் இறக்கினார்கள், நடக்கவிட்டார்கள், பைகளைக் கிண்டினார்கள். ரவுணில் போய் இறங்கினால் சனம் காத்திருந்த இடம் வெறிச்சோடிக் கிடந்தது. கப்பல் போய்விட்டது.

திரும்பி வந்து தோண்டியபோதுதான் விளங்கியது. எங்களுக்கு இன்ரநெற் தந்தவர்களின் இயந்திரம் நடுவில் இருந்துகொண்டு, முதல் நாள் எடுத்த பக்கத்தையே வைத்து வைத்துத் தந்திருக்கிறது. பக்கத்தின் தலையிலேயே திகதி இருந்தது. "இலக்கத்தைக் கேட்டம் மச்சான், எப்பத்தையான் இலக்கம் எண்டு கேக்கேல்லையே" என்று கீபோட்டில் தலையைக் கவிழ்த்தாய்.

அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தபோதே பிள்ளை பிறந்துவிட்டது. என் கடைத் தொலைபேசியில்தான் அந்த அழுகுரலைக் கேட்டாய். "பெட்டையடா! என்ர பெட்டை!" என்று ரிசீவரை என் காதிலும் வைத்து அழுத்தினாய். சிரித்தாய், அழுதாய், திரும்பவும் சிரித்தாய். பிறகு மூக்கைச் சீறிவிட்டுப் போய் அந்தப் புரோகிராமைத் திறந்தாய். முதலில் திகதியைப் பார்க்க வேண்டும், பழசென்றால் "தெரியாது" என்று மட்டும் காட்ட வேண்டும் என்று எழுதினாய்.

"உனக்குப் பிள்ளையும் பிறந்திட்டுது, இனி என்னத்துக்கடா?" என்றேன்.

"எனக்கோ? காத்திருக்கிற சனம் முழுக்க உன்ர கடையிலதானே வந்து கேக்குது. பிழையைச் சொல்லுறதிலும் பாக்க தெரியாதெண்டு சொல்லட்டும். ஆரோ ஒருத்தன் நம்பிக்கொண்டு நிப்பான்."

அந்த மனசுக்காகத்தான் மச்சான் உன்னில் எனக்கு அவ்வளவு பட்சம். இத்தனை காலத்தில் ஒருநாளாவது உன்னிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். வெள்ளம், விலையேற்றம் என்று போனில் என்ன செய்தி வந்தாலும் முதலில் எப்போதையது என்று பார்ப்பேன். மனிசி பகிடி பண்ணுவாள். போன மாதம் உன் மகள், அந்தப் பெட்டைதான், "மாமா, அப்பா காலமாயிட்டார்" என்று போனில் எழுதியிருந்தாள். நான் திகதியைத்தான் பார்த்தேன். பழசாக இருந்துவிடாதா, எங்கேயோ நடுவில் தேங்கிக் கிடந்த பிழையாக இருந்துவிடாதா என்று மூடிமூடித் திறந்து பார்த்தேன்.

அன்றைய திகதிதான் இருந்தது, மச்சான்.